படத்துக்கு வலது பக்கம்

போன மாதம் நம் புகைப்படக்காரர்கள் கூட்டம் முடிந்த பிறகு உங்களில் ஒருவர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு கட்டுமான நிறுவனம் அவரைக் கூப்பிட்டிருக்கிறது. புது அடுக்குமாடி வீடுகளின் விளம்பரத்துக்குப் படங்கள் வேண்டுமாம். "அந்த மாதிரி வேலையில முக்கியமா என்ன மேடம் கவனிக்கணும்?" என்று கேட்டார். நான் லென்ஸைப் பற்றி ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அது நான் போக வேண்டிய பஸ்கூட இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நின்றேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். நான் திருச்சி பாலக்கரைக்காரி. பெயர் ஸ்டெல்லா. கல்யாண வீட்டுக்குக் கையில் கேமராவோடு ஒரு பெண் வந்தால், மணப்பெண்ணின் தோழி போலிருக்கிறது என்று பந்தியில் உட்காரவைத்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். முகூர்த்தம், பூப்பு நீராட்டு, தொழிற்சாலை ஆண்டு விழா, கல்லூரி மலர் என்று கேட்டதையெல்லாம் எடுத்தேன். அது வயிற்றுக்கு. மனசுக்கு என்று ஆறு இருந்தது. வேலையில்லாத காலை வேளைகளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போய்விடுவேன். ஆற்று ஆலாக்கள் தண்ணீரை அலகால் கீறிக்கொண்டு பறப்பதை, நாரை ஒற்றைக் காலில் நிற்பதை, மணல்மேட்டில் விடியல் வந்து இறங்குவதை எடுத்துக்கொண்டே இருப்பேன். அந்தப் படங்களை வைத்து நண்பர்கள் ஒரு காலண்டர் போட்டார்கள். திருச்சியில் நிறைய வீடுகளில் அது தொங்கியது. வருஷம் முடிந்த பிறகும் படத்துக்காகக் கழற்றாமல் வைத்திருந்தவர்கள் உண்டு. எனக்கு அதில் பெருமைதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு அந்தப் பெருமைதான் விதை.

அந்த நாரைகளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று காலண்டர் பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஊர்க் கழிவைக் கொண்டுவந்து கொட்டும் குழாய் இருந்தது. கோழிக்கடைக்காரர்கள் வீசிய மூட்டைகள் இருந்தன. ஒரு அடி இடது பக்கம் நகர்ந்தால் குழாய் போய்விடும். கொஞ்சம் குனிந்தால் நாணல் எழுந்து மூட்டைகளை மறைத்துவிடும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஸ்டூடியோக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "படத்துக்குள்ள என்ன வேணும்னு தேடாத. என்ன வேணாமோ அதை வெளிய தள்ளு. மிச்சம் இருக்கறதுதான் படம்." அவர் கல்யாணக் கூட்டத்தை மனதில் வைத்துச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டேன். காலப்போக்கில் கையும் காலும் தானாகவே நகர ஆரம்பித்துவிட்டன. கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று மேடைகளில் பீற்றிக்கொள்வேன். அது உண்மைதான். நான் எதையும் அழித்ததில்லை. அழிக்க வேண்டிய இடத்தில் நின்றதே இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்தின் வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியவர்களின் விளம்பரப் பொறுப்பில் பிரபாகர் என்று ஒருவர் இருந்தார். சுறுசுறுப்பானவர், மரியாதையானவர். காலண்டரைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார். "மேடம், ஆத்தை உங்க அளவுக்கு யாரும் எடுத்ததில்ல. எங்களுக்கு ஒரே ஒரு படம் போதும். மொட்டை மாடியிலேர்ந்து பார்த்தா என்ன தெரியுமோ, அதான்" என்றார்.

அவர் கேட்டது பங்குனியில். ஆறு அப்போது வெறும் மணல். சீமைக் கருவேலம் அங்கங்கே கும்பலாக நின்றது. பிரபாகர் அதையே எடுத்துவிடலாம் என்றார், அவருக்கு அவசரம். நான்தான் பொறுக்கச் சொன்னேன். "மேட்டூர் நிரம்பி, முக்கொம்புலேர்ந்து இந்தப் பக்கம் தண்ணி திருப்பி விடுவாங்க. அப்ப எடுத்தாத்தான் படம்" என்றேன். எந்த வருஷம் வரும், எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாத தண்ணீர் அது. அந்த வருஷம் வந்தது. ஆடி முடிகிற சமயத்தில் இரு கரையும் தொட்டுக்கொண்டு கொள்ளிடம் போனது.

பிற்பகலிலேயே மொட்டை மாடியில் ஏறிவிட்டேன். வெயில் மேற்கே சாய்ந்து தண்ணீரில் இறங்கியதும், ஆறு முழுக்க வெண்கலத்தை உருக்கி ஊற்றியது போல ஆகிவிட்டது. வலது பக்கம், கட்டடத்தின் கிழக்கு முனைக்கு நேராக, கரைமேல் சுடுகாடு இருந்தது. தகரக் கூரை போட்ட இரண்டு மேடைகள். ஒன்றில் பிணம் எரிந்துகொண்டிருந்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்ததால் புகை எங்கள் பக்கம் வராமல் கிழக்கே தள்ளிப் போனது. வாடை எதுவும் இல்லை.

நான் கேமரா முக்காலியைத் தூக்கி இடது ஓரத்துக்குக் கொண்டுபோனேன்.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிரபாகர் அப்போது கீழே யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். சுடுகாட்டை மறையுங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. முதலாளி சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நகர்ந்தது நான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நாரைக்குப் பின்னாலிருந்த குழாயைத் தள்ளிவிட்ட அதே கால்கள்தான். படத்தைப் பார்த்ததும் பிரபாகர், "இது போதும் மேடம். வேற எதுவும் வேணாம்" என்றார். விளம்பர மலரின் அட்டை முழுக்க அந்தப் படம் வந்தது. 'கண் விழித்ததும் கொள்ளிடம்' என்று மேலே எழுதியிருந்தார்கள். கீழே சின்ன எழுத்தில் என் பெயர். அதையும் அவர்கள்தான் கேட்டார்கள். காலண்டர் ஸ்டெல்லா எடுத்த படம் என்றால் ஒரு மதிப்பு என்றார்கள். சந்தோஷமாகச் சம்மதித்தேன்.

கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்து, நானும் அதை மறந்துபோன பிறகு ஒரு தை மாதத்தில் போன் வந்தது. வயதான பெண் குரல்.

"காலண்டர் போட்ட ஸ்டெல்லாதானே பேசறது? நான் வைதேகி. கொள்ளிடக் கரை ஃப்ளாட்லேர்ந்து பேசறேன். ஒரு படம் விஷயமா உங்களைப் பாக்கணும். எங்காத்துக்கு வர முடியுமோ? நான் வெளில வர்றது சிரமம். ஆத்துக்காரர் படுக்கையா இருக்கார்."

சதாபிஷேகமோ என்னவோ, படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனேன். நாலாவது மாடியில் கிழக்கு முனை வீடு. வைதேகி மாமி ஒல்லியான உருவம். கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு மூடிய வாசனை வந்தது. மருந்தும் சாம்பிராணியும் கலந்தது. பகலிலேயே டியூப்லைட் எரிந்தது.

படுக்கையறையில் மாமா இருந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒன்றிரண்டு சொல்தான் வரும், அதுவும் குழறலாக. கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்கு மேல் கெட்டியான திரை.

மாமி கதையைச் சொன்னார். மாமாவுக்குச் சொந்த ஊர் ஸ்ரீரங்கம்தான். வேலை முடிந்து இருவரும் புனேயில் மகனோடு இருந்தார்கள். அங்கேதான் அவர் விழுந்தார். தேறி வந்தபோது அவர் சொன்ன முதல் முழு வார்த்தை 'கொள்ளிடம்'. இளவயதில் வெள்ளம் வந்தால் அக்கரை போய்த் திரும்புகிற ஆள். எப்படியாவது இவரை ஆற்றங்கரையில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று மாமி முடிவு செய்தார். இவரை விட்டுவிட்டு நேரில் வந்து வீடு பார்க்க முடியாத நிலை.

"பிள்ளை வேண்டாம்னான். நேர்ல பாக்காம எப்படிம்மா வாங்கறதுன்னான். நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். புஸ்தகத்துல உங்க பேர் இருந்துது. புனேல எங்காத்துச் சமையல்கட்டுல உங்க காலண்டர்தான் மாட்டியிருந்துது. இவா எடுத்த படம்னா பொய் இருக்காதுடான்னு அவன்கிட்ட சொன்னேன்."

மாமி திரையை லேசாக விலக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணல். வலது பக்கம், அன்று நான் பார்த்ததைவிட மிக அருகில், தகரக் கூரை. இரண்டு மேடைகளிலும் நெருப்பு. பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். காற்று இப்போது கிழக்கிலிருந்து. புகை நேராகக் கண்ணாடிக்கு வந்து மோதியது.

"ஐப்பசில ஆரம்பிச்சுடும் இந்தப் பக்கம் வர்றது. பெருமாளுக்குத் தளிகை பண்றச்சே எல்லாத்தையும் சாத்திண்டுதான் பண்றேன். அதுகூடப் பரவாயில்லை. இவர் படுத்துண்டே அதையே பாத்துண்டு இருக்கார். இந்த நிலைமைல இருக்கற மனுஷன் எழுந்தா அது, படுத்தா அது. எனக்குப் பொறுக்கலை. ஒருநாள் சாத்தினேன், அப்பறம் திறக்கவே இல்லை."

ஸ்ரீரங்கத்திலேயே இருப்பவர்களுக்கு அந்த இடம் தெரியும். அவர்கள் மேற்கு முனை வீடுகளாகப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். கிழக்கு முனை வெளியூர்க்காரர்களுக்குப் போயிருக்கிறது. இதை நான் பிறகு தெரிந்துகொண்டேன்.

மாமி என்னிடம் கேட்க நினைத்தது இதுதான்: அந்த அட்டைப் படத்தை ஜன்னல் அளவுக்குப் பெரிதாகப் போட்டுத் தர வேண்டும். ஜன்னல் மேலேயே மாட்டிவிடலாம். அவர் கண் விழித்தால் தண்ணீரைப் பார்ப்பார். "வெறும் திரையைப் பாத்துண்டு கிடக்காரே, அதுக்கு இது தேவலை இல்லையோ?"

என் மேல் அவருக்குத் துளி கோபம் இல்லை. காபி கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்கோ. நீங்க படம் எடுத்த அன்னிக்கு அந்தப் பக்கம் எதுவும் எரியலையா?"

நெருக்கடி என்றால் மழையில் கேமரா நனைவது, தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி போவது என்று நாம் பேசிக்கொள்வோம். அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு டம்ளர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக ஒருவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரம்தான் நெருக்கடி. அதற்கு எந்தப் பயிற்சியும் எனக்கு இல்லை.

"கவனிக்கல மாமி. தண்ணியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

மாமி தலையை ஆட்டினார். "ஆமா, அவ்வளவு தண்ணி வந்தா வேற எது கண்ல படும்" என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

முக்காலியை நகர்த்தியதை நினைத்து நான் இன்றைக்கும் குன்றிப்போவதுண்டு. ஆனால் அது பழக்கத்தில் நடந்தது. இந்தப் பதில் அப்படியில்லை. தெரிந்தே, யோசித்தே, என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது. படத்தில் சொன்னது பாதி உண்மை என்றாவது வாதாடலாம். வாயால் சொன்னது சுத்தப் பொய்.

காசு எதுவும் வேண்டாம் என்று மாமியிடம் சொன்னேன். அவர் என்னை எவ்வளவு நல்லவள் என்று நினைத்திருப்பார் பாருங்கள். தில்லைநகரில் தெரிந்த லேபில் படத்தைப் பெரிதாக அச்சடித்து, கனமான பலகையில் ஒட்டி, ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். ஆட்டோக்காரர் முருகேசன் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, ஜன்னலை அடைத்து மாட்டினோம். மாமி கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "பாருங்கோ, தண்ணி வந்திருக்கு. நீங்க நீஞ்சின கொள்ளிடம்" என்றார். மாமா வெகுநேரம் பார்த்தார். கண்ணோரம் ஈரமானது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

சில நாட்களில் மறுபடி போன். மாமியின் குரலில் பதற்றம்.

"என்னன்னே தெரியலை ஸ்டெல்லா. சாப்பிட மாட்டேங்கறார். படத்தைக் காட்டிக் காட்டி 'எடு'ங்கறார். பிடிக்கலையோ என்னவோ. கழட்டணும்னா என்னால தூக்க முடியாது."

முருகேசனைக் கூட்டிக்கொண்டு போனேன். பலகையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தோம். மாமி அவசரமாகத் திரையை இழுத்து மூடப் போனார். மாமா இடது கையால் திரையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"திற" என்றார்.

"ஏன்னா, திறந்தா புகை வருமே."

"திற."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளினார். பல மாதமாகத் தள்ளாத கதவு, முனகிக்கொண்டே நகர்ந்தது. புகை வந்தது உண்மைதான். ஆனால் புகை மட்டும் வரவில்லை. மணலைத் தொட்டுக்கொண்டு வந்த ஈரக் காற்று அறைக்குள் புகுந்தது. எங்கேயோ ஆட்டு மந்தையை ஓட்டுகிற குரல் கேட்டது. ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே போனது. மாமா மூச்சை இழுத்து விட்டார்.

"காத்து" என்றார்.

வலது பக்கம் ஒரு சிதை அடங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையும் பார்த்தார். ஆற்றைப் பார்த்தது போலவே பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பயந்தது மாமிதான். மாமா பயப்படுகிறாரா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. அவருடைய ஜன்னலுக்கு அளவெடுத்தபோதுகூட, அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மாமி சுவரில் சாய்ந்துகொண்டு அழ ஆரம்பித்தார். "எல்லாம் என்னாலதான். படத்தைச் சரியாப் பாக்காம வாங்கினது நான். பிள்ளை அப்பவே சொன்னான். இப்பவும் போன் பண்றச்செல்லாம் குத்திக் காமிக்கறான், கேட்டுண்டுதானே இருக்கேன். வாங்கினதும் நான், இவரை இருட்டுல போட்டதும் நான்."

என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"மாமி, அன்னிக்கு எரிஞ்சுது. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கேமராவை வேற பக்கம் நகர்த்தினேன்."

மாமி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முருகேசன் மெதுவாக ஹாலுக்குப் போய்விட்டார்.

"முதல் நாளே கேட்டேனே."

"ஆமா மாமி."

"கவனிக்கலைன்னேளே."

"வெக்கமா இருந்துச்சு. அதான்."

"உங்க வெக்கத்தை நான் எடுத்துண்டு இத்தனை நாள் சுமந்துண்டு இருந்திருக்கேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா உங்களைத் திட்டியிருப்பேன். வாசலைக் காட்டியிருப்பேன். என்னை நானே திட்டிண்டு இருந்திருக்க மாட்டேன். அந்தப் படத்தை எடுத்துண்டு போங்கோ."

பலகை லிஃப்டில் நுழையாது. வரும்போதும் படியில்தான் கொண்டுவந்தோம். இறங்கும்போது முருகேசன் கீழே, நான் மேலே. படம் வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தது. இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக்காரர் குழந்தையோடு ஏறி வந்தவர் ஒதுங்கி வழிவிட்டார். படத்தைப் பார்த்து நின்றார்.

"பிரமாதமா இருக்கே. எந்த ஊர் மேடம் இது?"

"இங்கதாங்க" என்றேன்.

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

அன்று சாயங்காலமே மாமியின் மகனுக்குப் போன் செய்தேன். எண்ணை பிரபாகரிடம் கேட்டு வாங்கினேன். நான் யார், என்ன செய்தேன், அவருடைய அம்மா ஏமாந்தது அம்மாவின் பிசகு இல்லை, என் வேலை என்று சொன்னேன். முடிந்ததும், "இப்ப சொல்லி என்ன ஆகப்போறது மேடம்?" என்றார். நியாயமான கேள்வி. "அம்மாவை இனிமே எதுவும் சொல்லாதீங்க, அதுக்குத்தான்" என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

பிரபாகர் அதற்கடுத்த வருஷம் இரண்டாவது கட்டடத்துக்குக் கூப்பிட்டார். மணல் ஆற்றையே எடுத்தேன். கிழக்கு முனையிலிருந்து என்ன தெரிகிறதோ அதையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. சங்கடப்பட்டார். "மேடம், இதை நான் உள்ள கொண்டுபோக முடியாது. உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும். வேறொருவரை வைத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கட்டட வேலைகள் வரவில்லை. இதைத் தியாகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் தடவை செய்திருக்க வேண்டியதை இரண்டாம் தடவை செய்தேன். அதற்குள் கிழக்கு முனையில் பல குடும்பங்கள் குடிவந்துவிட்டன.

ஆகவே, டீக்கடையில் கேட்ட தம்பிக்கு: வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகை நமக்கும் உண்டு. அழகாகவும் எடுங்கள், அது பாவமில்லை. ஆனால் முக்காலியை நகர்த்தும்போது ஒரு நொடி நில்லுங்கள். எதிலிருந்து நகர்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த இடத்தில் நாளைக்கு ஒருவர் கட்டில் போடப் போகிறார் என்றால், நீங்கள் வெளியே தள்ளியதையும் ஒரு படம் எடுத்து, வேலை கொடுத்தவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் அதைப் போடுகிறாரா என்பது அவர் பாடு. கொடுத்தீர்களா என்பது உங்கள் பாடு. யாராவது பிறகு வந்து கேட்டால், காபி ஆறுவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் நம் பங்கையும் அவர்களே சுமக்க வேண்டியதாகிவிடும். ஆற்றுப் படங்களுக்கும் இதையேதான் சொல்வேன். நான் குழாயையும் சேர்த்து எடுத்திருந்தால் காலண்டர் இவ்வளவு வீடுகளில் தொங்கியிருக்காது. குழாய் இருப்பது ஒருவேளை நாலு பேருக்குத் தெரிந்திருக்கும்.

மாமியை நான் மறுபடி போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போது பாலத்திலிருந்து பார்ப்பேன். நாலாவது மாடி கிழக்கு முனையில் ஜன்னல் திறந்திருக்கும்.

நான் தொழிலை விட்ட பிறகு, சென்ற வருஷம் ஒரு முற்பகலில் மாமி போன் செய்தார். குரலை உடனே அடையாளம் தெரிந்துகொண்டேன்.

"அவர் ஆச்சார்யன் திருவடி சேர்ந்துட்டார் ஸ்டெல்லா. காரியமெல்லாம் ஆயிடுத்து. பிள்ளை ஊருக்குப் போயிட்டான்."

"கஷ்டப்பட்டாரா மாமி?" என்று கேட்டேன்.

"இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிண்டு தூங்கினார், அவ்வளவுதான்." மாமியே மேலே சொன்னார். "எங்களவாள்ல பொம்மனாட்டிகள் அங்க போற வழக்கமில்லை. வாசலோட நின்னுடணும். தூக்கிண்டு போனதும் நான் நேரா உள்ள வந்து ஜன்னல்கிட்ட நின்னேன். நம்ம பக்கம் இருக்கற மேடைலதான் வெச்சா. பிள்ளை தீ வெச்சது தெரிஞ்சுது. எல்லாரும் கலைஞ்சு போனது தெரிஞ்சுது. அடங்கற வரைக்கும் அவர்கூட நின்னேன். எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அதனால நீங்க பண்ணினது சரின்னு ஆயிடாது" என்றார்.

"இல்ல மாமி."

"அப்படி நினைச்சுண்டுடுவேளோன்னுதான் நானே சொல்றேன். வெச்சுடறேன்."

நான் அப்படி நினைக்க ஆரம்பித்திருந்தேன்.